முகப்புக் கமிட்டியும் ஓர் அங்குல ஓட்டையும்

நான் வேலை பார்த்த நகராட்சியில் இனிமேல் பொதுக் கட்டடங்களின் படத்தைக் குழு கூடிப் பார்க்க வேண்டியதில்லையாம். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அதுவே பார்த்து, அதுவே ஒப்புதலும் கொடுத்துவிடுமாம். அங்கே இப்போது இளநிலைப் பொறியாளராக இருக்கும் பெண் இதைப் போனில் சொல்லிவிட்டு, "கமிட்டியெல்லாம் இருந்தப்ப எப்படி சார் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன், ஆண்டு மலர்ல போடுறோம்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. நான் அன்று சாயங்காலமே நோட்டு வாங்கிவிட்டேன்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். கும்பகோணத்துக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் கலியபெருமாள். டிராப்ட்ஸ்மேன். அதாவது, கட்டடத்துக்குப் படம் போடுகிறவன். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் கோடு போடக் கற்றுக்கொண்டேன். கோணலாகப் போட்டால் வாத்தியார் டி-ஸ்கொயர் கோலாலேயே முட்டியில் தட்டுவார். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கோட்டையில் ஆட்சி மாறி, ஆபீஸ்களெல்லாம் அலுவலகங்களாகிக்கொண்டிருந்த வருடங்களில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் நகராட்சியில் 'பொதுக் கட்டட முகப்பு ஆய்வுக் குழு' என்று ஒன்று இருந்தது. ஊரில் முகப்புக் கமிட்டி என்பார்கள். நகர்மன்றத் தலைவர், ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான ராமநாத மிராசு, உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர், இன்னும் மூன்று நான்கு பெரிய மனிதர்கள். இவர்கள் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் நகராட்சி ஒரு செங்கல் வைக்க முடியும்.

ஒரு கட்டடத்துக்கு மூன்று படம் போடுவோம். கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது பிளான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது இரண்டாவது. ரோட்டில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்பது முகப்பு. கமிட்டி மூன்றாவதை மட்டும்தான் பார்க்கும். காய்கறி மார்க்கெட்டுக்கு முன்னால் வளைவு மூன்றா ஐந்தா என்று இரண்டு கூட்டம் நடத்தினார்கள். உள்ளே தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடம் ஐப்பசியில் தண்ணீர் எங்கேயும் வடியாமல் முட்டைக்கோஸ்களை மிதக்கவிட்டது.

கூட்டம் மத்தியானம் மூன்று மணிக்கு. நான் படத்தை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் பேப்பர்வெயிட் வைப்பேன். அப்போதெல்லாம் படத்துக்கு நகல் எடுப்பது, டிரேசிங் பேப்பரையும் மருந்து பூசிய தாளையும் ஒன்றாகக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து வெயிலில் காட்டி, பிறகு அம்மோனியாப் பெட்டிக்குள் சுருட்டிவைத்து எடுப்பதுதான். வெளிச்சம் புகாத இடத்தில், அதாவது மைக்கோடு இருந்த இடத்தில், நீலமாகக் கோடு விழும். மற்ற இடமெல்லாம் வெளுத்துவிடும். புது நகலில் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். என் படங்களைப் பார்த்துக் கண்ணீர் விட்ட பெரிய மனிதர்கள் பலர். மழைக்காலத்தில் வெயில் இல்லாததால் நகல் கிடையாது, நகல் இல்லாததால் கூட்டம் கிடையாது. அந்த இரண்டு மாதம் ஊர் நிம்மதியாக இருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் நகராட்சிப் பொறியாளர் சாம்பசிவம். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. என்ன கேட்டாலும், "உமக்கு என்னய்யா தோணுது?" என்று திருப்பிக் கேட்பார். நமக்குத் தோன்றியதைச் சொன்னால் "ம்" என்பார். அந்த 'ம்' சரி என்றா, நீ உருப்பட மாட்டாய் என்றா என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். ஆனால் படம் பார்ப்பதில் அவர் ராட்சசர். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக இருக்கும் பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டு, வடக்கு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொரு சுவருக்கும், ஒவ்வொரு அளவுக்கும் சிவப்பில் ஒரு டிக் போடுவார். டிக் விழாத கோடு ஒன்றுகூட அந்த அறையைத் தாண்டி வெளியே போகாது. அவர் பார்த்து முடித்த படம் அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருக்கும்.

இனி பேச்சுவார்த்தைக் கூடத்துக்கு வருகிறேன்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் அறுவடை என்றால் வயலுக்கு முதலில் வருவது போலீஸ் வேன். கூலி இவ்வளவு நெல் என்று தொழிலாளர் சங்கம் கேட்கும், முடியாது என்று மிராசுகள் வெளியூர் ஆட்களை இறக்குவார்கள், வரப்பிலேயே அடிதடி ஆகும். ஆகவே ஒவ்வொரு அறுவடைக்கு முன்னாலும் தாசில்தாரை நடுவில் வைத்துப் பேச்சுவார்த்தை. அதுவரை அது நடந்த இடம் ராமநாத மிராசு வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து முற்றம். மிராசுகளும் தாசில்தாரும் நாற்காலியில் இருப்பார்கள். சங்கத்துக்காரர்கள் கொல்லை வழியாக வந்து நின்றுகொண்டு பேசுவார்கள். இது சரியில்லை, பொது இடத்தில் ஒரு கூடம் கட்டுங்கள் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. நகராட்சி இடம் கொடுத்தது. இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் கமிட்டியில் சங்கத்தின் ஆள் ஒருவரையும் சேர்க்கச் சொன்னார்கள். வந்தவர் மாரிமுத்து.

நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில், வயல்களை அளந்து போட்ட புலப்பட நகல்கள் எப்போதும் மடித்து இருக்கும். குத்தகைப் பதிவுக்காகத் தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்து, சிட்டா அடங்கலெல்லாம் ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணத்தைவிட நன்றாகப் படிப்பார்.

நான் போட்ட முதல் படத்தில் ரோட்டைப் பார்த்து ஒரு வராந்தா, வராந்தாவுக்கு முன்னால் கிரில், அதற்குப் பின்னால் கூடத்தின் முன்சுவரில் நடுவே ஒரு வாசல். அதோடு நிறுத்தியிருக்கலாம். மிராசுகளும் வேலையாட்களும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வானேன், நமக்கெதற்கு வம்பு என்று, பக்கத்துச் சந்தைப் பார்த்து ஒரு சின்ன வாசலையும் நானே போட்டேன். யாரும் கேட்கவில்லை. என் சொந்தப் புத்திசாலித்தனம்.

முகப்பைத் தவிர வேறெதையும் பார்க்காத கமிட்டியில் ராமநாத மிராசு அன்றைக்கென்று பிளானைப் பார்த்தார். "கலியபெருமாள் வெவரமான ஆளு. இந்தச் சந்து வாசல் அவங்களுக்கு, ரோட்டு வாசல் நமக்கு. பிரச்சனை தீந்துது" என்றார். மாரிமுத்து, "சந்துப் பக்கமா நாங்க வரமாட்டோம்" என்று மட்டும் சொன்னார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் காலையில் அவர் என் அறைக்கு வந்தார். "அந்தப் படத்தைக் காட்டுங்க சார். எப்படிப் பார்க்கணும்னு சொல்லுங்க" என்றார். என் சர்வீசில் பிளானைப் படிக்கக் கற்றுக்கொடு என்று கேட்ட ஒரே கமிட்டி உறுப்பினர் அவர்தான். கூரையை எடுத்துவிட்டு மேலேயிருந்து பார்ப்பது என்றேன். "புலப்படம் மாதிரி. இது வரப்பு, இது மடை" என்று சுவரையும் வாசலையும் தொட்டுக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு விரலைச் சந்து வாசலில் வைத்துக்கொண்டு, "இதை யாரு சார் போடச் சொன்னது?" என்றார்.

"மேலேருந்து சொன்னாங்க" என்றேன்.

அவர் விரலை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. "நான்தாங்க போட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். மிராசு போட்டிருந்தா இன்னும் சின்னதாப் போட்டிருப்பாரு" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். போகும்போது, "எங்க ஆளுங்க இதுவரைக்கும் அவரு வீட்டுல கொல்லைப்புறமாத்தான் வந்திருக்காங்க. இங்கேயும் அப்படின்னா நாங்க இந்தக் கூடத்துக்கே வரமாட்டோம். வராட்டி திரும்ப மாட்டுக் கொட்டகைதான். பாத்துக்குங்க" என்றார். வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. ஆனால் வெட்கம் வெட்கம்தான்.

அதன் பிறகு கூட்டம் மேல் கூட்டம். இரண்டாவது கூட்டத்தில் சந்து வாசல் போயிற்று, ரோட்டைப் பார்த்து இரண்டு வாசல் வந்தது. மூன்றாவதில் மிராசு வாசல் அகலம், மற்றது குறுகல். நான்காவதில் மறுபடி ஒரே வாசல். ஐந்தாவதில் மறுபடி இரண்டு. ஒவ்வொரு தடவையும் நான் திருத்த வேண்டியது அதே முன்சுவரின் அதே நடுப்பகுதி. டிரேசிங் பேப்பரில் மைக்கோட்டை அழிக்க ரப்பர் உதவாது. பாதியாக உடைத்த சவர பிளேடால் மெதுவாகச் சுரண்டி, மை ஊறாமலிருக்க அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புதுக்கோடு போட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு தடவை சுரண்டலாம், மூன்றாவது தடவை கடவுளை வேண்டிக்கொண்டு சுரண்டலாம். புதுத் தாளில் போடலாமே என்பீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு சுருள்தான் தஞ்சாவூரிலிருந்து வரும். அந்தச் சுருள் எப்போதோ தீர்ந்திருந்தது.

ஐந்தாவது கூட்டத்தின் முடிவு இது: பன்னிரண்டு அடியில் நாலடி வாசல், நடுவில் நாலடிச் சுவர், நாலடி வாசல். ஒரு வாசலுக்கு மேல் 'நிலக்கிழார்' என்றும், இன்னொன்றுக்கு மேல் 'உழவுத் தொழிலாளர்' என்றும் எழுதுவது. "சமமான அகலம் குடுத்தாச்சு. நடுவுல ஒரு சுவர் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் ராமநாத மிராசு. மாரிமுத்து கையெழுத்துப் போட மறுத்தார். பெரும்பான்மை என்று தலைவர் முடித்துவிட்டார். தை அறுவடைக்குள் கூடம் தயாராக வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கினார்கள்.

நான் உட்கார்ந்து சுரண்டினேன். பழைய வாசல் கோடுகள் பாதி போனபோது பிளேடு தாளுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு வாசலுக்கும் நடுவில் சரியாக ஓர் அங்குல ஓட்டை. எங்கள் அளவுப்படி ஓர் அங்குலம் என்றால் நாலடி. நான் வரைய வேண்டிய சுவரின் இடம் மொத்தமும் காணாமல் போயிருந்தது.

பயிற்சி பெற்றவன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை ஒட்டி, காயவிட்டு, மேலே கோட்டைப் போட வேண்டும். பத்து நிமிட வேலை. துண்டும் இருந்தது, கோந்தும் இருந்தது. ஓட்டை விழுந்தது தற்செயல். ஒட்டாமல் விட்டது தற்செயல் இல்லை. இத்தனை வருடம் கேட்டவர்களிடமெல்லாம் ஏதேதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். ஆண்டு மலர் என்பதால் உண்மையைச் சொல்கிறேன்.

ஓட்டைத் தாளை அப்படியே கண்ணாடிச் சட்டத்தில் வைத்து மொட்டை மாடியில் ஆடி வெயிலில் காட்டினேன். ஓட்டை வழியாக வெயில் நன்றாக இறங்கியது. நகலில் அந்த இடம் பளிச்சென்று வெள்ளையாக வந்தது. சுவர் கிடையாது. பன்னிரண்டு அடிக்கு ஒரே திறப்பு. நெல் மிஷின் வாசல்கூட அவ்வளவு அகலம் இல்லை. முகப்புப் படத்தில் வராந்தாக் கிரில் மறைப்பதால் வாசல் எப்படியும் தெரியாது.

சாம்பசிவம் சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவர் வடக்கு மூலையில் ஆரம்பித்தார். டிக், டிக் என்று முன்சுவருக்கு வந்தார். இடது பக்கச் சுவருக்கு ஒரு டிக். பென்சில் அந்தரத்தில் நின்றது. பிறகு வலது பக்கச் சுவருக்கு ஒரு டிக். நடுவில் கோடு இல்லாததால் டிக்கும் இல்லை. கடைசி மூலைவரை முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"சார், இது போதுமா சார்?" என்றேன், ஏதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று.

"உமக்கு என்னய்யா தோணுது?"

"போதும்னு தோணுது சார்."

"ம்."

ஆறாவது கூட்டத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அன்று நல்ல காலமாகக் கிரிலில் சண்டை வந்தது. நான் நெற்கதிர் வரைந்திருந்தேன். நெல் விளைகிற ஊரில் கதிர் போடாமல் என்ன போடுவது? கதிர் என்றால் பக்கத்தில் அரிவாள் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரிகிறது, அது ஒரு கட்சி என்றார் மிராசு. சூரியன் போட்டால் இன்னொரு கட்சி என்றார் ஒருவர். தாமரை போடலாம் என்றார் தமிழாசிரியர். அப்போது அதில் ஆபத்தில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வெறும் வட்டம் என்று முடிவானது. வடையும் காப்பியும் வந்தன. எண்ணெய்க் கையோடு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ராமநாத மிராசு எப்போதும் ஓரத்தில் ஒடுங்கிக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை, வெள்ளையாக இருக்கிற இடம் பார்த்துப் பெரிதாகப் போடுவார். பிளானில் முன்சுவர் நடுவே நல்ல வெள்ளையாக இருந்தது.

கடைசியில் படத்தை மாரிமுத்து பக்கம் தள்ளினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகப்பைப் பார்க்கவில்லை, பிளானைப் பார்த்தார். விரல் சுவர் வழியாகவே போய் மிராசு கையெழுத்தில் நின்றது. என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"வழிக்கு வந்துட்டீங்க மாரிமுத்து" என்றார் மிராசு, சந்தோஷமாக.

"வந்துதானே ஆகணும்" என்றார் மாரிமுத்து.

கட்டடம் எழும்பியது. எனக்கு அப்போதுதான் அடுத்த பயம் வந்தது. பன்னிரண்டு அடித் திறப்புக்கு மேலே சுவர் எப்படி நிற்கும்? நாலடி வாசலுக்குப் போடுகிற லிண்டல் பீம் போட்டால் ஒரே நாளில் தலையில் விழும். வேலை நடந்த இடத்துக்கு ஓடினேன். மேஸ்திரி கையில் இருந்த உத்தரவுத் தாளைக் காட்டினார். 'முன்சுவர் பீம் பன்னிரண்டு அடி, ஆறு கம்பி' என்று சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தது. கிழவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் அங்கேயே ஜல்லிக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளையடிக்கிற சமயத்தில்தான் ராமநாத மிராசு வந்து பார்த்தார். அவசரக் கூட்டம் கூடியது. "நடுச்சுவர் எங்கய்யா?" என்று கத்தினார். சாம்பசிவம் சார் எழுந்து, மடித்து வைத்திருந்த நகலைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். "கமிட்டி ஒப்புதல் குடுத்த படம். இதுல இருக்கிறபடி கட்டியிருக்கு" என்றார். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மிராசுவின் கையெழுத்து இருந்தது. இப்போதே செங்கல் வைத்து அடையுங்கள் என்றார் மிராசு. தலைவர் அன்று காய்ச்சலோடு வந்திருந்தார். திருத்திய படம், திருத்திய மதிப்பீடு, மறுபடி கமிட்டி, அப்புறம் தஞ்சாவூர் என்று விரல் விட்டுச் சொன்னார். "கதிர் முத்திக் கெடக்கு மிராசு. இப்பவே தலை சாய்ஞ்சாச்சு. பேசி முடிச்சு அறுக்கலேன்னா மணி வயல்லயே உதிர்ந்துடும். உங்களுக்குத்தான் நட்டம்" என்றார். மிராசு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். என்னை வலங்கைமான் பக்கம் ஒரு பஞ்சாயத்துக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதியதாகக் கேள்வி. சாம்பசிவம் சார் அந்தக் கடிதத்துக்கு என்ன எழுதினாரோ, நான் போகவில்லை.

செய்து வைத்திருந்த நாலடிக் கதவுகள் எதற்கும் பொருந்தவில்லை. பேச்சுவார்த்தை நாளன்று கூடத்துக்குக் கதவே இல்லை. பெயர்ப் பலகைகள் இரண்டையும் எங்கே மாட்டுவது என்று தெரியாமல் ஸ்டோரில் போட்டுவிட்டோம். கிரில் கேட்டை விரியத் திறந்து மாவிலை கட்டியிருந்தது. மிராசுகள் முதலிலேயே வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். தாசில்தாரும் வந்துவிட்டார். சங்கத்து ஆட்கள் வருவதைப் பார்க்க நானும் மாரிமுத்துவும் ரோட்டோரம் நின்றிருந்தோம்.

பதினைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் அஞ்சலை, நடவு ஆட்கள் சார்பாகப் பேச வந்த ஐம்பது வயது அம்மாள். அவ்வளவு அகலத் திறப்புக்கு எதிரே வந்தார்கள், உள்ளே நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். பிறகு அப்படியே இடது பக்கம் திரும்பிச் சந்துக்குள் போனார்கள். மாரிமுத்து கூப்பிடக் கையைத் தூக்கினார். பிறகு இறக்கிவிட்டார். அவர் ஆறு மாதமாக அந்த வாசலுக்காகச் சண்டை போட்டவர். அவர் ஆட்களே அதைத் தாண்டிப் போனார்கள். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அம்மோனியா இல்லை.

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். சற்று நேரத்தில் அவர்கள் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி, வலது பக்கமாக மறுபடி எங்கள் முன்னால் வந்து நின்றார்கள்.

"பூரா சுத்திப் பாத்துட்டோம் மாரிமுத்து" என்றார் அஞ்சலை. "பின்னால வாசல் வைக்க மறந்துட்டாங்க."

மாரிமுத்து என்னைக் கை காட்டினார். "படம் போட்டவரு இவருதான். கேளு."

"ஆமாங்கம்மா. மறந்துட்டேன்" என்றேன்.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து, "அப்ப இதுலதான் போகணும். வாங்க" என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு அடியின் நட்டநடுவில் உள்ளே போனார்.